“என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான்”: லினக்ஸ் ஹார்டு டிஸ்க்குகளைக் கற்றுக்கொண்ட கதை

இன்னைக்கு எபிசோடுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். ஒரு பென் டிரைவ்ல உபுண்டுவோ ஃபெடோராவோ ஏத்தி, ஒரு லேப்டாப்ல போட உட்கார்றீங்கன்னு வைங்க. நாலஞ்சு கேள்வி கேட்ட பிறகு, “எந்த டிஸ்க்கில் நிறுவணும்?” என்று அது கேட்கும். லிஸ்டில் உங்க டிஸ்க் இருக்கும், அதோட சைஸும் சரியா இருக்கும். நாம க்ளிக் பண்ணிட்டுப் போயிடுவோம்.

அந்த ஒரு வரி அங்க வர்றதுக்கு யாரோ ஒருத்தர் கோடு எழுதியிருக்கணும். காசு கொடுத்து வாங்குற ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா அதுக்கு ஒரு கம்பெனி பொறுப்பு. லினக்ஸ் ஒரு மாணவர் வீட்டில் ஆரம்பிச்ச விஷயம். அங்க யார் எழுதினாங்க? ஏன் எழுதினாங்க? முப்பது வருஷத்துக் கதை இது. எனக்கு இதில் பிடிச்சதே, கதை முழுக்க ஒரே காரணம் திரும்பத் திரும்ப வர்றதுதான். அது என்னன்னு போகப் போக உங்களுக்கே தெரியும்.

1991: ஒரு சோக ஸ்மைலி

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படிச்சிட்டிருந்த 21 வயசு லைனஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பயன்படுத்துறவங்க கூடும் யூஸ்நெட் குழுவில் ஒரு மெசேஜ் போடுறார். மினிக்ஸ் என்பது ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் பாடம் சொல்லிக்கொடுக்க எழுதிய ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம். நானும் ஒண்ணு எழுதிட்டிருக்கேன், சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிசா எல்லாம் வராது என்று லைனஸ் சொன்ன பிரபலமான மெசேஜ் அது.

பெரிசா வராதுன்னு சொன்ன பகுதியை எல்லாரும் எடுத்துக்காட்டுவாங்க. நான் பார்க்கச் சொல்றது அதோட கடைசிப் பகுதியை. ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேற எதையும் இது ஒருநாளும் சப்போர்ட் பண்ணாமலே போகலாம், ஏன்னா என்கிட்ட இருக்கிறது அதுதான் என்கிற மாதிரி எழுதி, ஒரு சோக ஸ்மைலியும் போட்டிருக்கார்.

ஏ.டி. என்றால் ஐ.பி.எம். 1984-ல் வெளியிட்ட பி.சி./ஏ.டி. கம்ப்யூட்டர். அதில் ஹார்டு டிஸ்க்கோடு பேசுற முறையை மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கிட்டதால, வீட்டு பி.சி.க்கெல்லாம் அதுவே பொதுவழக்கம் ஆயிடுச்சு. பிறகு ஐ.டி.இ. என்றும் ஏ.டி.ஏ. என்றும் நாம கேள்விப்பட்டது எல்லாம் அந்தக் குடும்பம்தான். லைனஸ் அந்த வருஷம் ஜனவரியில் வாங்கிய 386 பி.சி.யில் இருந்ததும் அதே ரகம். அதனால அதுக்கு மட்டும் டிரைவர் எழுதினார்.

டிரைவர்னா என்ன? ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதிக்குப் பெயர் கர்னல். “இந்த ஃபைலைச் சேமி” என்று கர்னல் சொல்றதை, அந்தக் குறிப்பிட்ட ஹார்டுவேருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிச் சொல்ற கோடுதான் டிரைவர். டிரைவர் இல்லைன்னா டிஸ்க் மெஷினுக்குள்ள இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்த மாசமே லினக்ஸ் 0.01 வெளியானது. அதில் உங்க டிஸ்க்கை லினக்ஸ் தானா கண்டுபிடிக்காது. எத்தனை ஹெட், ஒரு டிராக்கில் எத்தனை செக்டார், எத்தனை சிலிண்டர் என்று நீங்களே ஒரு சோர்ஸ் ஃபைலில் எண்களை எழுதி, முழு கர்னலையும் திரும்ப கம்பைல் பண்ணணும். அந்த ஃபைலில் ஏற்கெனவே இரண்டு டிஸ்க் அமைப்புகள் எழுதப்பட்டிருந்தன. ஒண்ணுக்குப் பெயர் “லைனஸ் எச்.டி.”, இன்னொண்ணு “லாசு எச்.டி.”. உலகத்துக்கு வெளியிட்ட ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், டிஸ்க் சப்போர்ட் லிஸ்ட் என்பது இரண்டு பேர் பெயர் போட்ட இரண்டு வரி.

இன்னொரு சம்பவம். லைனஸ் தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கார். அந்த வருஷக் கடைசியில், மோடம் வழியா பல்கலைக்கழக கம்ப்யூட்டருக்கு டயல் பண்ணப் போனவர், கட்டளையை மோடத்துக்கு அனுப்புறதுக்குப் பதிலா தவறுதலா ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிட்டார். லினக்ஸும் சொன்னபடி டிஸ்க் மேலயே எழுதிடுச்சு. மினிக்ஸ் இருந்த பார்ட்டிஷன் காலி. மினிக்ஸைத் திரும்பப் போடறதா, இல்ல இனிமே லினக்ஸ்லயே இருந்துடறதான்னு யோசிச்சு, அவர் லினக்ஸ்லயே இருந்துட்டார். டிஸ்க் டிரைவர் நல்லா வேலை செஞ்சதால வந்த வினைன்னும் இதைச் சொல்லலாம்.

“ஒருநாளும்” என்பது ஒன்பது மாசம்

அந்தக் காலத்தில் டிஸ்க் உலகத்தில் இரண்டு சாதி இருந்தது. வீட்டு பி.சி.யில் விலை குறைஞ்ச ஏ.டி. வகை. சர்வர்கள், சன் ஒர்க்ஸ்டேஷன்கள், ஆப்பிள் மேக் இதிலெல்லாம் ஸ்கசி. ஸ்கசி விலை அதிகம். அதுக்குத் தனி கன்ட்ரோலர் கார்டு வேணும், கார்டுக்குக் கார்டு டிரைவரும் மாறும். லைனஸிடம் ஸ்கசி இல்லை. ஆனா லினக்ஸை எடுத்து ஓட்டிப் பார்த்த மத்தவங்ககிட்ட இருந்தது.

ட்ரூ எக்கார்ட் என்பவர் ஸ்கசிக்கான முதல் கோடை எழுதினார். பிறகு எரிக் யங்டேல் அதை வளர்த்தார். 1992 மே மாசம் வந்த 0.96 வெர்ஷனில் ஸ்கசி சப்போர்ட் சேர்ந்துடுச்சு. “ஒருநாளும் வராமல் போகலாம்” என்று லைனஸ் சொன்னதற்கும் அதற்கும் நடுவில் ஒன்பதே மாசம்.

கவனிச்சுப் பாருங்க, லைனஸ் சொன்ன காரணம் தப்பாகலை. “என்கிட்ட இருக்கிறது அதுதான்” என்பதில் அந்த “என்கிட்ட” மட்டும் பெரிசாகிடுச்சு. நூறு பேர் கோடு எழுதினா, நூறு பேர் மேஜையில் இருக்கிற டிஸ்க் எல்லாம் லினக்ஸுக்குத் தெரியும். யார் மேஜையிலும் இல்லாதது தெரியாது.

சவுண்டு கார்டு வேற, டிஸ்க் வேற

சவுண்டு கார்டு டிரைவர் தப்பா இருந்தா பாட்டு கேட்காது. அவ்வளவுதான். டிஸ்க் டிரைவர் தப்பா இருந்தா உங்க பிராஜெக்ட், உங்க அம்மா அப்பா கல்யாண ஃபோட்டோ, எல்லாம் சத்தமே இல்லாம கெட்டுப்போகும். கெட்டுப்போனதே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். டிஸ்க் டிரைவர் எழுதுறவங்க ரொம்பப் பயந்து பயந்து எழுதுவாங்க. காரணம் இதுதான்.

1990-களின் நடுவில் இந்தப் பயம் நிஜமாச்சு. 486, பென்டியம் போர்டுகள் நிறையவற்றில் சி.எம்.டி. 640, ஆர்.இசட். 1000 என்ற இரண்டு ஐ.டி.இ. சிப்கள் இருந்தன. வடிவமைப்பிலேயே கோளாறு. சில சூழ்நிலைகளில் டேட்டாவைக் கெடுத்துவிடும். சிப்பை போர்டிலிருந்து பிடுங்கி மாத்த முடியாது. லினக்ஸில் அப்போது ஐ.டி.இ. பகுதியைக் கவனித்த மார்க் லார்டும் மற்றவர்களும், இந்த சிப் இருக்கான்னு முதலில் பார்த்து, இருந்தா ஆபத்தான வசதியை அணைச்சுடற மாதிரி கோடு எழுதினாங்க. டிஸ்க் வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனா டேட்டா பத்திரமா இருக்கும் என்ற ரீதியில் கர்னலின் உதவிக் குறிப்பிலேயே அதைச் சொல்லியிருந்தாங்க. மலிவு சிப் இருந்த சாதாரண பி.சி.க்காரருக்கு அது பெரிய விஷயம்.

டிஸ்க் சைஸும் ஒரு தொல்லை. பழைய பயாஸும் ஐ.டி.இ.யும் சேர்ந்து அனுமதிச்சது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார். ஒரு செக்டாருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்க, 52.8 கோடி பைட்தான் வரும். இன்னைக்கு ஒரு வீடியோ அதைவிடப் பெரிசு. லினக்ஸ் ஏறிய பிறகு டிஸ்க்கோடு நேரடியாகப் பேசிக்கும். ஆனா லினக்ஸை ஏற்றிவிடும் பூட் லோடர் பயாஸை நம்பித்தான் இருந்தது. அதனால பூட் ஃபைல்களுக்காக டிஸ்க்கின் தொடக்கத்திலேயே குட்டியா ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கும் பழக்கம் வந்தது. பிறகு 28 பிட் முகவரியால் 137 ஜி.பி.யில் ஒரு சுவர் எழுந்தது. 48 பிட் முகவரி வந்து அதையும் தாண்டினாங்க.

பயத்தோட உச்சம் 2002. லினக்ஸ் 2.5 என்பது சோதனைத் தொடர். அதில் ஐ.டி.இ. கோடைச் சுத்தம் பண்ண ஒரு டெவலப்பர் இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட பேட்ச்களை அனுப்பினார். பழைய கோடு அசிங்கமாத்தான் இருந்தது, அதை யாரும் மறுக்கலை. ஆனா மாற்ற மாற்ற, 2.5-ஐ ஓட்டிப் பார்க்கவே மக்கள் பயந்தாங்க. மற்ற பகுதிகளைச் சோதிக்கணும்னாலும் முதலில் டிஸ்க் பிழைச்சிருக்கணுமே! கடைசியில் ஆகஸ்ட் மாசம் அந்த வேலை மொத்தத்தையும் விட்டுட்டு, 2.4-ல் நம்பி ஓடிட்டிருந்த பழைய கோடையே 2.5-க்குக் கொண்டுவந்தாங்க. கோடு அழகா இருக்கிறதைவிட டேட்டா பத்திரமா இருக்கிறது முக்கியம்னு ஒரு சமூகமே சேர்ந்து எடுத்த முடிவா நான் இதைப் பார்க்கிறேன்.

உங்க டிஸ்க் பெயரில் ஒரு புதைபடிவம்

லினக்ஸ் டெர்மினலில் டிஸ்க் லிஸ்ட் பார்த்திருந்தா, “எஸ்.டி.ஏ.” என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. பென் டிரைவ் செருகினா “எஸ்.டி.பி.”. அந்த எஸ்.டி. என்றால் ஸ்கசி டிஸ்க். உங்க வீட்டில் ஸ்கசி டிஸ்க் எதுவும் இருக்காது. அப்புறம் எப்படி இந்தப் பெயர்?

2003-ல் சாட்டா டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தபோது, பழைய ஐ.டி.இ. கோடுக்குள் இதையும் திணிக்கிறதா என்ற கேள்வி வந்தது. ஜெஃப் கார்சிக் வேற வழியில் போனார். லிப்ஏடிஏ என்று புதுசா ஒரு பகுதி எழுதி, அதை ஸ்கசி அடுக்கின் கீழே பொருத்தினார். ஸ்கசி பக்கம் ஏற்கெனவே ஒழுங்கா இருந்தது. வரிசையில் கட்டளைகளை நிறுத்துவது, பிழை வந்தா சமாளிப்பது எல்லாம் அங்க தயாரா இருந்தது. யூ.எஸ்.பி. டிரைவ்களும் ஸ்கசி கட்டளைகளைத்தான் பேசுது. அதனால எல்லாருமே ஸ்கசி வேஷம் போட்டாங்க.

பிறகு பழைய ஐ.டி.இ. டிஸ்க்குகளும் இந்தப் பக்கம் வந்தன. 2007-ல் ஃபெடோரா 7 மாறியபோது, அதுவரை “எச்.டி.ஏ.” என்றிருந்த டிஸ்க் “எஸ்.டி.ஏ.” ஆயிடுச்சு. பழைய பெயரை அப்படியே எழுதிவைத்த சிஸ்டம்கள் டிஸ்க்கைக் காணோம்னு பூட் ஆகாம நின்னுடும். பெயரை நம்பாம, பார்ட்டிஷனுக்கே உரிய நீளமான அடையாள எண்ணை வச்சுத் தேடும் வழக்கம் பரவினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

1992-ல் யாரோ மேஜையில் ஒரு ஸ்கசி டிஸ்க் இருந்தது. அதனாலதான் 2020-களில் உங்க பென் டிரைவுக்கு அந்தப் பெயர்.

டிஸ்க் வேகமாச்சு, கர்னல் திணறுச்சு

சுழலும் டிஸ்க்கை மனசுல வச்சு எழுதின கோடு அதுவரைக்கும் இருந்தது. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். அந்த இடைவெளியில் கர்னல் ஆற அமர யோசிக்கலாம். எஸ்.எஸ்.டி. வந்ததும் டிஸ்க் காத்திருக்கிற நிலை. பழைய சாட்டா முறையில் ஒரே வரிசை, அதில் அதிகபட்சம் 32 கட்டளைகள். என்.வி.எம்.இ. என்ற புது முறையில் 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகள் வரைக்கும் இடம் உண்டு.

என்.வி.எம்.இ.யின் முதல் விதிமுறை 2011 மார்ச்சில் வந்தது. சரியா ஒரு வருஷத்தில், 2012 மார்ச்சில் வந்த லினக்ஸ் 3.3-ல் அதற்கான டிரைவர் இருந்தது. எழுதியவர் இன்டெலில் வேலை பார்த்த மாத்யூ வில்காக்ஸ். 2014 ஜனவரியில் வந்த 3.13-ல் யென்ஸ் ஆக்ஸ்போவும் மற்றவர்களும் டிஸ்க் அடுக்கையே பல வரிசைகளா மாத்திக் கட்டின கோடு சேர்ந்தது. 1991-ஐ நினைச்சுப் பாருங்க. கடையில் வாங்கின டிஸ்க்குக்கு மாணவர் ஒருத்தர் டிரைவர் எழுதினார். இப்போ சிப் செய்ற கம்பெனியே, அந்த டிரைவ் கடைகளில் பரவலா வர்றதுக்கு முன்னாடியே எழுதித் தருது. தன் மேஜையில் இருக்கிறதுக்குத்தான் எழுதுறாங்க, ஆனா இப்போ அது கம்பெனி ஆய்வகத்து மேஜை.

அப்படின்னா பிரச்சனை முடிஞ்சுதா? இல்லை. கர்னலுக்குள்ள ஒரு நீண்ட பட்டியல் இருக்கு. இந்தக் கம்பெனியின் இந்த மாடலுக்கு இந்த வசதியைத் தொடாதேன்னு ஒவ்வொரு வரியும் சொல்லும். டெல்லின் இரண்டு லேப்டாப் மாடல்களில் ஒரு குறிப்பிட்ட சாம்சங் டிரைவ் இருந்தா மட்டும் ஆழ்ந்த மின்சேமிப்பை அனுமதிக்காதேன்னுகூட ஒரு விதி உண்டு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தருக்கு லேப்டாப் உறைஞ்சு நின்ன ராத்திரி ஒண்ணு இருக்கும்.

பழி எப்பவும் டிஸ்க் மேலதான் என்றும் சொல்ல முடியாது. 2015-ல் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில், ஃபைல்களுக்கு நடுவில் 512 பைட் அளவில் வெறும் பூஜ்யங்கள் வர ஆரம்பிச்சது. சாம்சங் எஸ்.எஸ்.டி.கள் இருந்த சர்வர்களில் நடந்ததால அவங்க சந்தேகம் டிஸ்க் மேல போச்சு, வெளிப்படையாவும் எழுதினாங்க. சாம்சங் பொறியாளர்கள் தோண்டிப் பார்த்தப்போ, தப்பு லினக்ஸ் கர்னலுக்குள்ள இருந்தது. பல டிஸ்க்கை ஒண்ணாச் சேர்க்கிற பகுதியில், காலி இடத்தை அழிக்கச் சொல்ற கட்டளை தப்பான இடத்துக்குப் போயிருக்கு. திருத்தத்தையும் அவங்களே அனுப்பினாங்க. கோடு திறந்திருந்ததால டிஸ்க் கம்பெனியே உள்ள புகுந்து பார்க்க முடிஞ்சது.

டிஸ்க் இருக்கும், தெரியாது

கோடு திறந்திருந்தா மட்டும் போதாதுங்கிறதுக்கு 2016-ல் ஒரு உதாரணம். லெனோவோ யோகா 900 வாங்கினவங்க லினக்ஸ் போடப் போனா, எஸ்.எஸ்.டி.யே லிஸ்டில் வரலை. அந்த மாடலில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரை ரெய்டு என்ற முறையிலேயே பூட்டி வச்சிருந்தாங்க. பயாஸில் மாத்தவும் வழி கிடையாது. அந்த முறைக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை. பெரிய சலசலப்புக்குப் பிறகு, லினக்ஸ் பயனர்களுக்குன்னு தனி பயாஸ் ஒண்ணை லெனோவோ வெளியிட்டது. இன்னைக்கும் புது லேப்டாப்பில் உங்க டிஸ்க் தெரியலைன்னா, முதலில் பயாஸில் போய் இந்த ரெய்டு, ஆர்.எஸ்.டி., வி.எம்.டி. மாதிரி பெயர்களைத் தேடுங்க. ஒரு எச்சரிக்கை: விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருந்தா, பேக்கப் எடுக்காம அதை மாத்திடாதீங்க. விண்டோஸ் பூட் ஆகாம போகலாம்.

யாரிடமும் இல்லாதபோது

சேர்க்கிறதுக்கு இருந்த அதே காரணம்தான் நீக்குறதுக்கும். 2019 ஜூலையில் ஃப்ளாப்பி டிரைவரை லைனஸ் “அனாதை” என்று குறிச்சார். அதைப் பராமரிச்சவரிடம் வேலை செய்யும் ஃப்ளாப்பி ஹார்டுவேர் இல்லை. சோதிக்க முடியாத கோடுக்கு யார் உத்தரவாதம் தருவாங்க? கொஞ்ச நாளில் டெனிஸ் யெஃப்ரமோவ் என்ற இன்னொருத்தர் பொறுப்பெடுத்தார், அதனால அந்தக் கோடு தப்பிச்சது.

பழைய ஐ.டி.இ. பகுதிக்கு அதே வருஷம் கெடு வச்சாங்க: 2021-ல் நீக்கப்படும். நீக்குறதுக்கு முன்னாடியே, 1990-களின் தொடக்கத்து அடாரி ஃபால்கன், அமிகா மாதிரி மெஷின்களுக்கான கோடு புது லிப்ஏடிஏ பக்கம் எழுதப்பட்டது. அந்தப் பழைய மெஷின்களைத் தூக்கிப் போடாம வச்சிருக்கிறவங்க இருந்ததாலதான் அது நடந்தது. பிறகு பழைய பகுதி போச்சு, சுமார் 40,000 வரிகள். அது நீக்கப்பட்ட லினக்ஸ் 5.14 வெளியான தேதி 2021 ஆகஸ்ட் 29. லைனஸ் அந்தச் சோக ஸ்மைலி போட்டு 30 வருஷமும் நாலு நாளும் ஆகியிருந்தது.

இதையெல்லாம் படிச்ச பிறகு, “லினக்ஸ் இதை சப்போர்ட் பண்ணுதா?” என்ற கேள்வியை நான் வேற மாதிரித்தான் கேட்டுக்கிறேன்: இந்த டிஸ்க்கை வச்சிருக்கிற ஒருத்தர், அது கெட்டா கவலைப்படற ஒருத்தர், இன்னும் இருக்காரா? அந்த ஒருத்தர் டெவலப்பரா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. உங்க டிரைவ் மாடல், கர்னல் வெர்ஷன், என்ன பிழை வந்தது, இந்த மூணையும் ஒழுங்கா எழுதி பக் ரிப்போர்ட் போட்டாலே, அந்தப் பட்டியலில் ஒரு வரி சேரலாம். அதே மாடல் வச்சிருக்கிற முகம் தெரியாத ஒருத்தரோட ஃபோட்டோக்கள் அந்த ஒரு வரியால தப்பிக்கும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க வீட்டு அலமாரியில் தூங்கிட்டிருக்கிற பழைய டிஸ்க் எந்த ரகம், எந்த வருஷத்தது, இப்போ செருகினா லினக்ஸில் தெரியுதான்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.